சேவல் கொத்திய தழும்பு

எங்கள் வீட்டில் எல்லாக் கொப்புளங்களுக்கும் ஒரே மரியாதை கிடையாது. மண்வெட்டி பிடித்துக் கையில் வந்தால் அம்மா திரும்பியும் பார்க்க மாட்டார். "தோட்டக்காரன்ரை பிள்ளைக்குக் கையிலை கொப்புளம் வராமல் மோதிரமே வரும்?" என்பார். எண்ணெய் தெறித்து வந்தால் கொஞ்சம் தேன் கிடைக்கும், கூடவே ஏச்சும் கிடைக்கும். காய்ச்சலோடு உடம்பெல்லாம் நீர் கோத்து எழும்புகிற கொப்புளிப்பானுக்கு மட்டும் ராச மரியாதை. அதை நோய் என்றே சொல்லக்கூடாது. அம்மாள் வந்திருக்கிறா என்று சொல்ல வேண்டும். வாசல் படலையில் வேப்பிலை கட்ட வேண்டும். அடுப்பில் தாளிதம் கூடாது, மீன் கூடாது, வாய்க்கு வந்தபடி ஏசக்கூடாது. கடைசிக் கட்டளைதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

ஏனென்றால் அந்த அம்மாள் என்னிடம் வந்த நேரம் அப்படி. மூன்று வருடமாக நான் காத்திருந்த மனிதர் சுவிசிலிருந்து வந்து இறங்கிய அடுத்த நாள் எனக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாள் நெற்றியில் முதல் கொப்புளம்.

நான் தயாளினி. வயது முப்பத்தொன்று. நீர்வேலியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். அவர்களில் யாரோ ஒருவர்தான் இதை எனக்குக் கொண்டுவந்து தந்திருக்க வேண்டும். அது யாரென்று எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன். பிள்ளை கணக்கில் இப்போதுதான் தேறி வருகிறாள்.

அவர் ஜெயசுதன். அச்சுவேலி. பேச்சுக்கால் வந்து, சாதகம் பொருந்தி, பெரியவர்கள் எல்லாம் சரி என்று சொன்ன நேரத்தில் அவருக்கு அங்கே வதிவிட அனுமதி சரிவரவில்லை. அது சரிவர மூன்று வருடம் எடுத்தது. அதுவரைக்கும் போன்தான். முதல் இரண்டு மாதம் நாங்கள் கதைத்தது கதையே இல்லை. "சாப்பிட்டீரோ?" "ஓம்." "என்ன கறி?" "கத்தரிக்காய்." கத்தரிக்காய்க்கு அப்பால் எங்கள் காதல் நகரவில்லை.

ஒருநாள் அவர் வலது கையை மறைத்துக்கொண்டே கதைத்தார். காட்டச் சொன்னேன். அவருக்குப் பாண் பேக்கரியில் வேலை. போறணைக்குள்ளிருந்து தட்டை இழுக்கும்போது சுட்டு, உள்ளங்கையில் நெல்லிக்காய் அளவில் கொப்புளம்.

"உடைக்காதேங்கோ," என்றேன். "தானா வத்தட்டும்."

"உடைச்சால் என்ன? கெதியா மாறுமெல்லோ?"

"உள்ளுக்குப் புதுத் தோல் வாறதுக்குத்தான் மேலாலை தண்ணி காவல் நிக்குது. அவசரப்பட்டால் புண்ணாப் போகும்."

"சரி ரீச்சர்," என்று சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தக் கொப்புளத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்பதாம் நாள் அது வற்றியபோது எங்களுக்குக் கதைக்க வேறு ஆயிரம் விஷயம் சேர்ந்திருந்தது.

இப்படித்தான் அவருடைய முகத்தைப் படித்தேன். இடது புருவத்துக்கு மேலே அரிசி அளவில் ஒரு குழி இருந்தது. கேட்டபோது, சின்னனில் சேவல் கொத்தியது என்றார். அவருக்கு ஞாபகமில்லை, அம்மா சொன்னது. இன்றைக்கும் சேவலைக் கண்டால் மற்றப் பக்கத்தால் நடப்பாராம். போன் கண்ணாடியில் அந்தக் குழியை நான் விரலால் தொட்டுப் பார்ப்பதுண்டு. கண்ணாடி சூடாக இருக்கும், அவ்வளவுதான்.

அவருக்கு லீவு பதினேழு நாள். பத்தாம் நாள் கல்யாணம், கோயிலில். பதிவுக்கான அறிவித்தலும் முன்கூட்டியே கொடுத்தாயிற்று. பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் என்னை அங்கே கூப்பிட விண்ணப்பம் போடலாம். அடுத்த லீவு எப்போது என்று கேட்டால், ஒன்றரை வருடத்துக்குள் கிடைத்தால் புண்ணியம் என்பார். ஆகவே இந்தப் பதினேழு நாளை விட்டால் திரும்பவும் போன், திரும்பவும் கத்தரிக்காய். இதை நினைத்தால் எனக்குக் காய்ச்சல் இல்லாமலே உடம்பு சுட்டது.

மூன்றாம் நாள் பின்னேரம் அவர் வந்தார். காலமான தகப்பனாரின் சைக்கிளில், ஒரு காலைத் தாங்கித் தாங்கி. ஊருக்கு வர வாங்கிய புதுச் சப்பாத்து குதிக்காலைக் கடித்துக் கொப்புளமாக்கியிருந்தது. அம்மா படலைக்கு ஓடினார்.

"தம்பி, அதிலையே நில்லுங்கோ! கிட்ட வராதேங்கோ!"

"நான் வரேல்லை மாமி. தூரத்திலை நிண்டு பாத்திட்டுப் போறன்."

ஒழுங்கையைக் கடந்து எதிர் வீட்டு மதிலோரம் போய் நின்று எனக்குப் போன் எடுத்தார்.

"யன்னலைத் திறவும்."

"மாட்டன்."

"மூண்டு வருசம் பாத்த முகம்தானே?"

"அது வேறை. இது அம்மாளின்ரை முகம்."

"அப்ப கையையாவது காட்டும்."

யன்னல் கம்பிக்கிடையால் கையை நீட்டினேன். அதிலும் கொப்புளம்தான். திரைச்சீலை இடுக்கால் பார்த்தேன். அவர் தன் வலது கையை உயர்த்தி, அந்தப் பழைய கொப்புளம் இருந்த உள்ளங்கையை என் பக்கமாகக் காட்டிக்கொண்டு நின்றார். இடையில் இருபது யார் தூரமும் ஓர் ஒழுங்கையும். நான் அழுதேன். கண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிந்தது.

போகும்போது அவர் உரத்து, "சரி, போட்டு வாறன்," என்றார்.

"ஐயோ தம்பி!" என்று அம்மா வாயில் கை வைத்தார். "அம்மாள் இருக்கிற வீட்டிலை அப்பிடிச் சொல்லக்கூடாது!"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. அம்மாள் இருக்கும் வீட்டை விட்டுப் போகிறவர் 'போட்டு வாறன்', அதாவது போய் வருகிறேன், என்று சொன்னால், அம்மாளும் தான் போய்த் திரும்பி வரலாம் என்று எடுத்துக்கொள்வாளாம். சாவீட்டில் போலச் சொல்லாமல் எழும்பிப் போக வேண்டும். கொப்புளம் வற்ற வற்ற மூன்று முறை தலைக்குத் தண்ணீர் வார்ப்பார்கள். மூன்றாம் தண்ணீர் வார்த்து, வேப்பிலையைக் கழற்றும்வரை இந்தச் சட்டம். அவர் தலையாட்டிவிட்டு, சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் அந்த மணி வந்தது. பிறகு நின்றுவிட்டது.

அச்சுவேலி மாமிக்கு, அதாவது அவருடைய அம்மாவுக்கு, விஷயம் தெரிந்துவிட்டது. மாமி அம்மாவுக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில் படுத்திருந்து கேட்டேன்.

"அவனுக்குச் சின்னனிலை கொப்புளிப்பான் வரேல்லை. வளந்த ஆம்பிளையளுக்கு வந்தால் நெஞ்சுக்குள்ளையும் இறங்கும். பிளேனிலையும் ஏத்தாங்கள். வேலையும் போகும். பிள்ளை சுகமாகட்டும், கலியாணத்தை அடுத்த முறை பாப்பம்."

சொன்னதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனாலேயே எனக்குக் கோபம் இரட்டிப்பானது. டொக்டரும் அதையே சொன்னார். ஒருமுறை வந்தவர்களுக்குப் பயமில்லை, வராதவர்கள் கிட்டப் போகக்கூடாது. அவருக்கு இரத்தம் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். முடிவு கொழும்பிலிருந்து வரப் பத்து நாளாகுமாம். என்னிடம் ஏது பத்து நாள்?

"வாருங்கோ எண்டு நான் சொல்ல மாட்டன்," என்று அவரிடம் போனில் சொன்னேன். "ஆனால் வரவேணும் போலை கிடக்கோ?"

"கிடக்கு," என்றார். "அம்மா சத்தியம் வாங்கிப்போட்டா. நான் ஒரே பிள்ளை, தயா."

பத்தாம் நாள், தாலி ஏற வேண்டிய நேரத்தில், நான் பழைய சட்டையோடு பாயில் கிடந்தேன். கல்யாணத்துக்கென்று அவசரமாகப் பெயின்ற் அடித்த சுவர் ஈரத்தில் பொங்கி, அதிலும் கொப்புளம் கொப்புளமாக நின்றது. ஒன்றை விரலால் அமத்தினேன். பொட்டென்று உடைந்து உள்ளே பழைய பச்சை நிறம் தெரிந்தது. டொக்டர் தந்த குளிசை அட்டையை எடுத்து, குளிசை போன வெறுங் குமிழ்களை எண்ணினேன். அவர் வந்த நாள்களும் அதற்குள் போய்விட்டன. அன்றைக்குத்தான் அம்மாளுக்கும் ஏசினேன். மனதுக்குள்தான். கேட்டிருந்தால் கேட்கட்டும்.

பதினோராம் நாள் அம்மா வேப்பிலையும் மஞ்சளும் போட்டு முதல் தண்ணீர் வார்த்தார். தலை துடைத்துக்கொண்டு, ஒன்பது நாளுக்குப் பிறகு கண்ணாடி பார்த்தேன். நெற்றியில் முதலில் வந்த கொப்புளத்தின் பொருக்கு விழுந்திருந்தது. அந்த இடத்தில் அரிசி அளவில் ஒரு குழி.

துவாய் கையில் அப்படியே நின்றது. இந்தக் குழியை எனக்குத் தெரியும். மூன்று வருடமாக விரலால் தொட்ட குழி.

உடனே அவருக்குப் போன் எடுத்தேன். "உங்கடை உடம்பிலை வேறை எங்கையும் உப்பிடித் தழும்பு கிடக்கோ?"

"எனக்கென்ன தெரியும்? நான் முதுகைக் கண்டனோ?"

"கோகுலனைக் கொண்டு படம் எடுப்பிச்சு அனுப்புங்கோ."

கோகுலன் அவருடைய பெரியப்பா மகன். அரை மணித்தியாலத்தில் படம் வந்தது. முதுகில் நான்கு, தோளில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று. எல்லாம் அரிசி, அரிசி, அரிசி. "உந்தச் சேவல் நல்லா மினக்கெட்டிருக்கு அண்ணை" என்று கோகுலன் கீழே எழுதியிருந்தான்.

அவர் தாயிடம் கேட்டார். சேவல்தான் என்று மாமி எரிந்து விழுந்து, அன்று இரவு சாப்பிடவுமில்லையாம். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. வரப்போகிற மாமியாரோடு மருமகள் கதைக்கக் கூடாத மாதிரி, அடுத்த நாள் நானே மாமிக்குப் போன் எடுத்தேன்.

"மாமி, உங்கடை சேவல் சட்டையைக் கழட்டிப்போட்டே கொத்தினது?"

மறுபக்கம் போன் வைக்கப்பட்டது. போச்சு, எல்லாம் போச்சு, என் வாயே எனக்கு எமன் என்று படுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, பதினாலாம் நாள் மத்தியானம், படலையில் ஓட்டோ வந்து நின்றது. மாமி தனியே இறங்கினார். வேப்பிலையை விலக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். அம்மா பதறிப்போய் வந்து தூணோடு நின்றார். என் முகத்தை மாமி கனநேரம் பார்த்தார்.

"பிள்ளை, அது சேவல் இல்லை," என்றார்.

நான் சுவரோடு சாய்ந்துகொண்டேன்.

"தொண்ணூற்றைஞ்சிலை சண்டையாலை ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போகேக்கை அவனுக்கு மூண்டு வயசு. நாவற்குழிப் பாலத்தடியிலை சனத்துக்குள்ளை மழையிலை நிக்கேக்கை, உடம்பு கொதிக்குதெண்டு சட்டையைக் கழட்டினன். நெஞ்சு முழுக்க நீர் கோத்திருந்தது. மீசாலையிலை ஒரு வீட்டுக்காரர் இடம் குடுத்தவை. வாசலிலை நிண்ட அந்த வீட்டுப் பொம்பிளைப் பிள்ளை கேட்டுது, 'அக்கா, குழந்தைக்கு என்ன?' எண்டு. அம்மாள் வருத்தம் எண்டால் ஆர் உள்ளுக்கு எடுப்பினம்? கேத்தில் சுடுதண்ணி கொட்டுண்டிட்டுது எண்டு சொன்னன்."

மாமி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார்.

"பாவம் எண்டு அந்தப் பிள்ளை எங்களை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போச்சு. தன்ரை கையாலை அவன்ரை ஒவ்வொரு கொப்புளத்துக்கும் தேன் பூசினது. அதின்ரை மடியிலை அது பெத்துப் பன்ரண்டு நாளான குழந்தை."

"ஐயோ, பச்சைக் குழந்தையே?" என்று அம்மா தூணடியில் குந்தினார்.

"ரெண்டு கிழமையாலை அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல். சிவப்புச் சிவப்பாப் போட்டுது. அடுத்த நாள் வெள்ளெனவே நாங்கள் வெளிக்கிட்டிட்டம். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அந்தக் குழந்தை இருக்குதோ இல்லையோ எண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்பி வந்து தழும்பைக் கேட்டவைக்கு, கேத்தில் எண்டு சொல்ல வாய் வரேல்லை. சேவல் எண்டன். கொப்புளிப்பான் வந்தது எண்டால் எப்ப வந்தது, ஆர் வீட்டிலை கிடந்தது எண்டு கேப்பினமெல்லோ?"

இந்த ஒரு கிழமையும் மாமிக்குச் சொல்லவென்று நான் சேர்த்து வைத்திருந்த சொற்கள் ஒன்றிரண்டல்ல. அவற்றில் ஒன்றுதான் வெளியே வந்தது.

"என்ரை ஒன்பது நாளை எடுத்துப்போட்டியள், மாமி."

"ஓம் பிள்ளை. எடுத்துப்போட்டன்," என்றார். "மிச்சம் மூண்டு நாள் கிடக்கு. அவனை இனி மறிக்க மாட்டன். கொம்மாவைக் கேட்டுக் கலியாண எழுத்தையாவது முடியுங்கோ."

எனக்கு அவரில் கோபம் தீரவில்லை. ஆனாலும் அவர் சேலைத் தலைப்பை முறுக்கி முறுக்கி அவிழ்த்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கிட்டப் போய் இருந்தேன்.

"மூண்டாம் தண்ணி வாத்தாப்பிறகு மீசாலைக்குப் போவம் மாமி. நாங்கள் ரெண்டு பேரும்."

"போய் என்னத்தைச் சொல்லுறது?"

"சொல்லாமல் வெளிக்கிட்டனாங்கள் எண்டு சொல்லுவம்."

மாமி எழும்பி, என் தலையில் கை வைத்துவிட்டு, வழக்கப்படி ஒன்றும் சொல்லாமல் படலையைத் தாண்டிப் போனார்.

அம்மாளின் காவலில் இருக்கும்போது தாலி கட்டக்கூடாது என்பதில் அம்மா அசையவில்லை. பதிவு எழுதுவது சாமி காரியமில்லை, அரசாங்கக் காரியம், அதற்கு அம்மாள் கோபிக்க மாட்டா என்று அடுத்த நாள் இரவு ஒரு வழியாக ஒத்துக்கொண்டார். பதினாறாம் நாள் காலமை பதிவாளர் கத்தரீனா அம்மா புத்தகத்தோடு வந்தார். "எனக்கு ஆறு வயசிலையே வந்திட்டுது. இந்தப் புத்தகத்துக்குத்தான் இன்னும் வரேல்லை. தள்ளி வைச்சு ஒப்பம் போடும் பிள்ளை," என்றார்.

அவருக்குப் பின்னால் ஜெயசுதன் வந்தார். போனில் தெரிந்ததைவிட உயரம். நான் ஓடி ஒளிய நினைத்து, ஒளியவில்லை. பாதிப் பொருக்கு விழுந்து, பாதி விழாமல், புள்ளிமான் மாதிரி நின்றேன். அவர் கிட்ட வந்து என் நெற்றிக் குழியில் ஒரு விரலை வைத்தார்.

"இது ஆற்றை சேவல்?"

"உங்கடைதான்," என்றேன். அவருடைய புருவத்துக்கு மேலே நானும் தொட்டேன். கண்ணாடி இல்லை. தோல்.

ஒப்பம் வைத்தோம். அம்மா தாளிக்காத பருப்பும் சோறும் போட்டார். அவர் அதை விருந்து மாதிரிச் சாப்பிட்டார். பிறகு விறாந்தையில் காலை நீட்டிக் குதிக்காலைக் காட்டினார். அங்கே கொப்புளம் வற்றிப் புதுத் தோல் வந்திருந்தது.

"உடைக்கேல்லை, ரீச்சர்."

அந்த ஒரு பகலும் அடுத்த நாள் ஒரு மணித்தியாலமும்தான் எங்களுக்கு. விமான நிலையத்துக்குப் போகிற வான் ஒழுங்கை முகப்பில் நின்றது. சைக்கிள் இல்லை, ஆகவே மணியும் இல்லை. படலையடியில் அவர் திரும்பினார். வாய் திறந்தது. எனக்குப் பின்னால் நின்ற அம்மா உதட்டில் விரலை வைத்தார். அவர் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சட்டப்படி என் புருஷன், ஒரு சொல்லும் சொல்லாமல் வானில் ஏறிப் போனார். அந்த ஒரு சொல்லுக்காக அம்மாளோடு சண்டை பிடிக்கலாம் போல இருந்தது. ஊரில் எல்லாரும் கடைக்குப் போகும்போதுகூடச் சொல்லுகிற சொல்.

பத்தொன்பதாம் நாள் மூன்றாம் தண்ணீர் வார்த்தார்கள். அம்மா படலையிலிருந்து காய்ந்த வேப்பிலையைக் கழற்றிக் கொண்டுபோனார். நான் ஈரத் தலையோடு அதிலேயே நின்றேன். போன் அடித்தது. அவர்தான். பின்னால் போறணைத் தட்டுகளின் சத்தம் கேட்டது.

"தண்ணி வாத்தாச்சோ?"

"வாத்தாச்சு."

"வேப்பிலை?"

"இப்பதான் அம்மா கழட்டினவ."

தட்டுச் சத்தம் தூரமானது. எங்கேயோ ஒதுக்குப்புறமாக வந்து நின்றிருக்கிறார்.

"அப்ப, தயா," என்றார். "போட்டு வாறன்."

"ஓம்," என்றேன், வெறும் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு. "போட்டு வாங்கோ."